கடலை நகர்த்தியவன்

செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களில் தவறே செய்யாதவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. மேகத்தின் நிழலை ஏரி என்று எழுதியிருப்போம். அப்போதுதான் வெட்டி முடித்த சவுக்குத் தோப்பைத் தரிசு நிலம் என்று எழுதியிருப்போம். அவையெல்லாம் சில்லறைத் தவறுகள், மன்னித்துவிடலாம். நான் வங்காள விரிகுடாவையே நூற்றைம்பது மீட்டர் நகர்த்தியவன்.

பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு பாராட்டு மடல் வாசித்தார்கள். தொலையுணர்வு ஆராய்ச்சியில் அனுபவம், சுற்றுச்சூழலுக்கு அரும்பணி, இத்தனை மாணவர்கள், இத்தனை கட்டுரைகள் என்று அதில் எல்லாமே இருந்தது. கடல் விஷயம் மட்டும் இல்லை. (கண்ணாடிச் சட்டத்துக்குள் இடம் போதவில்லை போலும்.) எங்கள் குடும்பத்தில் அந்த மடலை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. கடல் கதையையோ நேற்றுக் கல்யாணமாகி வந்த மருமகள்கூடச் சொல்வாள். ஆனால் அவர்கள் சொல்வது முக்கால் கதைதான். மீதிக் கால் பங்கை நான் வெகுகாலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல் அதை இன்னும் அடைகாத்து என்ன ஆகப்போகிறது?

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். என் அக்கா தனலட்சுமியைக் கடலூருக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊருக்கு நான் செய்தது போதும். அக்காவின் கணவர் கலியமூர்த்தி மாமா கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பூர்வீக மணல் நிலத்தில் கொஞ்சம் மல்லாட்டை (அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்), பத்துப் பதினைந்து முந்திரி மரம், நடுவே கிழக்குப் பார்த்த வீடு. வாசற்படியில் உட்கார்ந்தால் எதிரே கடல்தான்.

அந்த வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு வருடம் தாங்காது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், மின்விசிறியைத் தின்னும், பூட்டைச் சாவியோடு சேர்த்துத் தின்னும். மாமாவின் கண்டக்டர் விசிலிலேயே துரு ஏறி அது கோழிக்குஞ்சு போலக் கீச்சென்று கத்தும். "ஊர்ல எல்லாரும் செவுத்துக்குப் பெயின்ட் அடிப்பாங்க. நாங்க துருவுக்கு அடிக்கிறோம்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். வேறு யாராவது அந்த வீட்டைக் குறை சொன்னால் மட்டும் அவர்களுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் மாமாவின் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன். அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்திருப்பாள். சாப்பிட்டுவிட்டு மாலை முழுக்க அந்தப் படியில் உட்கார்ந்திருப்போம். மாமா பஸ்ஸில் நடந்த சண்டைகளை எல்லாம் இருவர் குரலிலும் நடித்துக் காட்டுவார். உலகத்தின் எத்தனையோ கடற்கரைகளைப் பிற்பாடு படத்தில் பார்த்து அளந்திருக்கிறேன். காற்று வந்தது அந்த ஒன்றிலிருந்து மட்டும்தான்.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வாசலில் நின்று ஒரு பீடியைப் பற்றவைப்பார். மணலில் மெல்ல நடப்பார். அலை காலை நனைக்கும்போது பீடி முடியும். வேலைக்குச் சேர்ந்த வயதிலிருந்து அப்படித்தான். "வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு பீடி தூரம் மச்சான்" என்பார். நான் சிரிப்பேன். அளவைகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன் அல்லவா!

சுனாமி வந்த அன்று ஆருத்ரா தரிசனம். மாமாவும் அக்காவும் முதல் நாளே சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அதனால் தப்பித்தார்கள். ஊரில் பலர் தப்பவில்லை. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வராது. அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. எல்லாரும் கடலோரத்தை விட்டுப் போய்விடச் சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. இரண்டு மாதம் சேற்றை வாரிக் கொட்டினார், சுவரைக் கழுவினார், மறுபடி துருவுக்குப் பெயின்ட் அடித்தார், படியில் உட்கார்ந்தார். அப்படிப்பட்ட மனிதரைத்தான், சுனாமியால் கிளப்ப முடியாதவரைத்தான், நான் ஒரு காகிதத்தை வைத்துக் கிளப்பினேன்.

ஓரிரு வருடம் கழித்துக் கடல் அரிப்பைப் பற்றிய ஓர் ஆய்வு எனக்கு வந்தது. பழைய நிலவரைபடத்தில் உள்ள கரையையும் புதிய செயற்கைக்கோள் படத்தில் உள்ள கரையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, கடல் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஐம்பது வயது. கல்லூரியில் ஏசி இருந்த ஒரே அறை கணிப்பொறி அறை, அதன் சாவி என்னிடம். (இந்த இரண்டும் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) அட்சரேகை தீர்க்கரேகைகளைப் பார்த்து இரண்டையும் பொருத்தினேன். கடலோரத்தை மட்டும் நாடாப் போல வெட்டி எடுத்துக்கொண்டேன். பார்த்தால், கரை முழுக்க ஒரே சீராகக் கடல் நூற்றைம்பது மீட்டர் உள்ளே வந்திருந்தது!

ஒரே சீராக வந்திருக்கிறதே என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் புளகாங்கிதம்தான் வந்தது. இனி வேகம் கூடும் என்று என் பங்குக்கு ஒரு கணக்கும் சேர்த்தேன். அதன்படி அக்கா வீட்டு வாசற்படிக்குப் பதினைந்து வருட ஆயுள்தான் இருந்தது. அறிக்கையின் கடைசியில் "கள ஆய்வில் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். அந்தக் கடற்கரையில் நான் செய்த கள ஆய்வு முழுவதும் சங்கரா மீன் குழம்புதான்.

கடலூரில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு. அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், மீனவ ஊர்களின் நாட்டாமைகள். நான் பேசுவதைப் பார்க்க மாமா லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் திரையில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் காட்டி முழங்கினேன். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் ஒரு பெரியவர்.

"சார், சுனாமியில வந்த தண்ணி திரும்பிப் போயிடுச்சு. நீங்க சொல்ற தண்ணி எப்ப வந்துச்சு? நாங்க யாரும் பாக்கலியே!"

"அது கொஞ்சம் கொஞ்சமா வர்றதுங்க. கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

அடுத்து மாமா எழுந்தார். சபை மரியாதைக்காக என்னைச் சார் என்று கூப்பிட்டார். "சார், ஒரு சின்ன டவுட்டு. இன்னிக்குக் காலையிலயும் பீடி தண்ணிகிட்டதான் முடிஞ்சுது. நான் சின்னப்புள்ளையா இருந்தப்பவும் அலை அங்கதான் அடிச்சுது. நீ இன்னா மச்சான், இவ்ளோ தூரம் வந்துருச்சுங்கிற?"

நான் ஒலிவாங்கியை நெருங்கிச் சொன்னேன்: "மன்னிக்கணும், எங்க துறையில பீடியை இன்னும் அளவுகோலா ஏத்துக்கல."

மண்டபமே சிரித்தது. மாமாவும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மீனவர்கள் என் வரைபடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னை நம்பிய ஒரே குடும்பம் என் குடும்பம். அடுத்த சனிக்கிழமை அதே படியில் உட்கார்ந்து, வீட்டை விற்றுவிடுங்கள் என்று இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தேன். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுவாரம் பஸ்ஸில் மாமா, "சரி மச்சான், குடுத்துடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டார். புதுச்சேரிக்காரர் ஒருவர் வாங்க வந்தார். புதன்கிழமை பத்திரம் என்று முடிவானது.

இங்கேதான் அந்தக் கால் பங்கு வருகிறது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் துறையில் வரைபடம் வரையும் விசாலாட்சி அம்மா என் அறைக்கு வந்தார். என் வேலையை அச்சுக்குத் தயார் செய்வதற்காக, நாடாவாக வெட்டாமல், முழுத் தாளையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்.

"சார், கடல் நகந்துச்சு, சரி. நடராஜர் கோயில் ஏன் சார் நகந்துச்சு?"

"என்னது?"

"கோயில் குளம், ரயில்வே ஸ்டேஷன், வீராணம் ஏரிக்கரை எல்லாமே அதே அளவு மேற்கால போயிருக்கு சார். ஆடுற சாமிதான், இல்லேங்கல. அதுக்குன்னு இவ்ளோ தூரமா?"

விஷயம் இதுதான்: பூமியின் வடிவத்தைப் பழைய நிலவரைபடம் ஒரு கணக்கில் எடுத்துக்கொள்ளும், செயற்கைக்கோள் வேறொரு கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்துக்கு இரண்டிலும் தீர்க்கரேகை எண் சற்று மாறும். பொருத்துவதற்கு முன் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு நானே அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். என் வரைபடத்தில் செய்ய மறந்துவிட்டேன். கடல் நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்திருக்கிறது.

"நான் பாத்துக்கறேம்மா. திங்கள்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். நான் சொன்னது அடுத்த திங்கள்கிழமையை அல்ல, அதற்கு அடுத்ததை. அன்றுதான் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. அந்தத் தேர்வுக்கு நான் கொண்டுபோக இருந்த ஒரே பெரிய சாதனை இந்தக் கடல்.

தேர்வு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பத்திரத்தை அப்புறம் ரத்து செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். கடலோரத்தில் வயதானவர்கள் இருப்பது எப்படியும் நல்லதல்ல என்றும் நினைத்தேன். இப்படி நான்கு நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். மாமாவின் பஸ் தினமும் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகும். ஓடிப்போய்க் கையைக் காட்டியிருந்தால் போதும். அந்தக் கோழிக்குஞ்சு விசில் என் அறைவரை கேட்கும். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

புதன்கிழமை பத்திர அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அழகான கையெழுத்து என்று எழுத்தர் பாராட்டினார். அதற்கு அடுத்த திங்கள்கிழமை, "கள ஆய்வு செய்தீர்களா?" என்று தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டார். "செய்தேன்" என்றேன். பதவி கிடைத்தது.

அதன் பிறகுதான், அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, மாமாவிடம் போய்ச் சொன்னேன். அறிக்கையையும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"அப்ப கடலு இருந்த எடத்துலதான் இருக்கா?"

"ஆமா மாமா."

"நடராஜரையுமா தள்ளிட்ட?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். புதுச்சேரிக்காரர் திருப்பித் தர மறுத்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பஸ்ஸில்தான் பழிவாங்கினார். ஊர் நெருங்கியதும், "சிதம்பரம் எறங்குறவுங்கல்லாம் ஒரு நூத்தம்பது மீட்டர் முன்னபின்ன பாத்து எறங்குங்க. எம் மச்சான் ஊரை நகத்தி வெச்சிருக்கான்!" என்று சத்தம் போடுவார். என் மாணவர்கள் அதே பஸ்ஸில் வருவார்கள். கரும்பலகையில் நான் ஒரு கோடு போட்டால் பின் வரிசையிலிருந்து, "சார், நகந்துடப் போவுது" என்று குரல் வரும்.

அக்காவும் மாமாவும் குறிஞ்சிப்பாடிக்குக் குடிபோனார்கள். வாசலுக்கு எதிரே ஒரு மாவு மில். அந்த வீட்டில் எதுவும் துருப்பிடிக்கவில்லை. அக்கா அதைச் சொல்லி ஒரு நாளும் சந்தோஷப்பட்டதில்லை. நான் சனிக்கிழமைகளில் போவேன். அதே குழம்புதான், அதே மூன்று பேர்தான். சாப்பிட்டு முடித்ததும் என்ன செய்வது என்று மூவருக்கும் தெரியாது. மாமா வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்து நிற்பார். மாவு மில்லின் தகரக்கதவு தெரியும். சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். "இருக்குது மச்சான். நீ வெச்ச எடத்துலயே இருக்குது" என்பார். ஒன்பது வருடம் அப்படி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்கா, "அந்த வூட்டை ஒரு தடவை பாக்கணும்டா" என்றாள். அது இப்போது கடற்கரை விடுதி. சும்மா பார்க்க விடமாட்டார்கள் என்பதால் ஒரு நாளைக்கு அறை எடுத்தேன். அக்காவின் பழைய கூடம்தான் எங்களுக்குக் கிடைத்தது. வரவேற்பில் இருந்த பெண் சாவியைக் காட்டிக்கொண்டே சரளமாகப் பேசினாள்.

"இது எங்க பழைய பில்டிங் மேடம், கடலுக்கு ரொம்பக் கிட்ட. இதுக்கு ஒரு கதை இருக்கு. முன்னாடி இருந்தவுங்க, யாரோ ஒரு புரொபசர் கடல் வந்துடும்னு சொன்னதைக் கேட்டு, வித்துட்டு ஓடிட்டாங்களாம். எங்க ஓனர் கெஸ்ட்டுங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பாரு."

நான் தரையில் ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன். அக்கா நிதானமாகக் கேட்டாள்: "அந்தப் புரொபசருக்கு ஒரு அக்கா இருந்தாளே, அவளைப் பத்தி உங்க ஓனர் ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லியே மேடம்."

"புருஷன் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. எந்தம்பி படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவதான் மூணு நாள் சோறு பொங்காம மல்லுக்கு நின்னா. விக்க வெச்சவ அவதான்."

"அய்யோ, அந்தம்மாதான் பெரிய காமெடி போல!" என்று அந்தப் பெண் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எனக்கு அது அதுவரை தெரியாது.

மாலையில் படியில் உட்கார்ந்திருந்தோம். படிக்குப் பளிங்கு போட்டிருந்தார்கள், காற்றை மாற்றவில்லை. இனிமேலும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, பத்திரத்துக்கு நாலு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"கணக்கு தப்புன்னு. வேலைக்காகச் சொல்லாம இருந்துட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "அவரு இருக்கறப்ப சொல்லியிருந்தா இதுக்கும் சிரிச்சிருப்பாரு. எனக்குச் சிரிப்பு வரலடா" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலையில் காபி குடிக்கும்போது தீர்ப்புச் சொன்னாள். "மாசா மாசம் என்னை இங்க கூட்டிக்கினு வரணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போற வரைக்கும்."

அப்படித்தான் இந்த முப்பத்தைந்து மாதமாக நான் அந்த விடுதியின் நிரந்தர விருந்தாளி. முதல் சனிக்கிழமை நான் பையை எடுத்தால், "தாத்தா கடல் டூட்டிக்குப் போறாரு" என்று பேரப்பிள்ளைகள் கத்தும். இரண்டாவது தடவையே அக்கா வரவேற்புப் பெண்ணிடம், "நீ சொன்னியே, அந்தப் புரொபசர் இவன்தான்" என்று என்னை முன்னே தள்ளிவிட்டாள். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உரிமையாளரோ என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு, கரையோரம் விடுதிக்காரர்கள் நட்டிருந்த தென்னங்கன்றுகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. தெற்கே எங்கோ கடலில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதனால் இந்தப் பக்கம் மணல் வந்து சேர்வது குறைந்துவிட்டது. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. மாதாமாதம் முளை அடித்து, நாடா பிடித்து, முட்டி வலிக்க நடந்து அளந்தேன். படங்களைத் திருத்தத்தோடு பொருத்தினேன். விசாலாட்சி அம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சரிபார்க்கச் சொன்னேன். சந்தேகமில்லை, கடல் வந்துகொண்டிருக்கிறது. உரிமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், இந்தத் தடவை நான் யாருக்கு விக்கணும்?"

படிக்கு வந்தேன். அக்கா உள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நெஜமாவே வருதாடா?"

"நெஜமாத்தான் வருது அக்கா."

"அந்த ஆளு நம்பலியா?"

"நம்பல. நாளைக்கு மறுபடி சொல்லிப் பாக்கறேன்."

"சொல்லாத, விடு. நம்பினா இதை இடிச்சுட்டு உள்ள தள்ளிக் கட்டுவான்" என்றாள் அக்கா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த மாசத்துக்கு ரூமு சொல்லிட்டியா?"